திருஷ்டிப் பூதத்துக்கு முளைத்த தாடி

பெரம்பலூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடைகள் நிறைய உண்டு. ஆனால் மூக்குக்குப் பேர்போன கடை ஒன்றுதான். துறையூர் ரோட்டில், டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கிறது. அதன் உரிமையாளர் வீரமணிக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய மூக்கு பார்வைக்கு ஒன்றும் விசேஷமானதல்ல. ஆனால் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் வீரமணி ஸ்குரூ டிரைவரைத் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவார். ஒரே ஒரு மூச்சு.

"பேரிங்கு காஞ்சு கடிச்சிருக்கு. காயில் நல்லாருக்கு, பிரிக்க வேணாம்."

பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை குன்னம் பக்கத்து விவசாயி ஒருவரின் மோட்டாரை மோந்துவிட்டு, "உள்ள ஓணான் செத்துக் கெடக்குது. நேத்துச் செத்ததில்ல, முந்தாநாளு" என்றார். திறந்தபோது ஓணான் இருந்தது. முந்தாநாள்தான் செத்ததா என்று ஓணானிடம் விசாரிக்க முடியாவிட்டாலும் இரண்டு மாவட்டமும் அதை நம்பியது. அன்று முதல் அரியலூர், திருமானூர் வரைக்கும் அவர் 'மூக்கு வீரமணி'.

வீரமணியின் தாத்தா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் பாரம் ஏற்றியவர். அந்த வம்சத்தில் உடம்பை நம்பாமல் ஓர் உறுப்பை மட்டும் நம்பிப் பிழைக்க வந்த முதல் ஆள் வீரமணிதான். அந்த உறுப்பு இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

ஒன்பது நாள் படுத்து எழுந்தார். பசி திரும்பியது, தூக்கம் திரும்பியது, கோபம்கூட ஒரு வாரத்தில் திரும்பியது. வாசனை மட்டும் வரவில்லை. சாம்பார் அடிப்பிடித்துத் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வீரமணி சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி புவனேஸ்வரிக்கு விஷயம் புரிந்தது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து, "வரும். வராமலும் போகலாம்" என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவைத்து அனுப்பினார்.

காயில் யார் வேண்டுமானாலும் கட்டுவார்கள்; ஜனங்கள் வருவது மூக்குக்காக. மூக்கு போனது வெளியே தெரிந்தால் அந்த வாரமே கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று வீரமணி நம்பினார். ஆகவே கணவனும் மனைவியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வரும் மோட்டார்களை எல்லாம் வீரமணி மத்தியானம் வரை வரிசையில் காக்க வைப்பார். புவனேஸ்வரி சாப்பாட்டுத் தூக்கோடு வருவார். வீரமணி குனிவார், புவனேஸ்வரி பக்கத்தில் நின்று இருமுவார். ஓர் இருமல் என்றால் காயில். இரண்டு என்றால் பேரிங். முந்தானையால் மூக்கைப் பொத்தினால் உள்ளே ஏதோ செத்துக் கிடக்கிறது. வாடிக்கையாளர்கள் இதை ஈளை என்று நினைத்து, ஆளுக்கு ஒரு கஷாயம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் நாலைந்தைப் புவனேஸ்வரி மரியாதைக்காகக் குடிக்கவும் வேண்டியிருந்தது.

இப்படி இரண்டு வருடம் ஓடிய வண்டி, ஒரு கார்த்திகை மாதத்து மழைநாளில், குழந்தைவேல் வீட்டு வாசலில் போய் நின்றது.

குழந்தைவேல் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடம் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி, உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை வைத்தே யாரிடம் டிக்கெட் இல்லை என்று கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை ஓய்வு பெறவில்லை. பால்காரர், கேபிள்காரர் எல்லோரையும் இறங்கச் சொல்கிற மாதிரியே பார்ப்பார். அவர் ஸ்கூட்டரில் வந்து கடை முன்னால் நின்றார்.

"யோவ் வீரமணி, கெளம்பு. வூட்டுல டிரையர் நின்னுபோச்சு. எரியிற நாத்தம் வருது."

அன்று பார்த்துப் புவனேஸ்வரி அரியலூரில் தங்கை வளைகாப்புக்குப் போயிருந்தார்.

"நாளைக்கி மத்தியானமா வரனே சார்."

"நாத்தம் நாளைக்கி வரைக்கும் இருக்குமா? சூட்டோட சூடா மோந்தாத்தான."

வீரமணி வேறு வழியில் போய்ப் பார்த்தார். "எப்புடிப்பட்ட நாத்தம்னு சொல்லுங்களேன்."

"அதச் சொல்றதுக்குத்தானய்யா ஒன்னக் கூப்புடுறன்?"

வழி அடைபட்டது. வீரமணி ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார்.

வடக்குமாதவி ரோட்டுப் பக்கத்தில் குழந்தைவேல் புதிதாகக் கட்டிய வீடு கிழக்குப் பார்த்தது. கனடாவில் இருக்கிற மகள் தமிழ்மொழி போன வருடம் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது, மழையில் அம்மா ஈரத்துணியை மின்விசிறிக்குக் கீழே கட்டிக் காயவைப்பதைப் பார்த்துக் கண்கலங்கி, துணி உலர்த்தும் எந்திரம் ஒன்றை வரவழைத்து வைத்துவிட்டுப் போனாள். உள்ளே சூடு, சுழலும் டிரம், ஈரக்காற்றை வெளியே தள்ள நான்கங்குலக் குழாய் ஒன்று. எந்திரத்தைப் பின்பக்கச் சுவரோடு ஒட்டிவைத்து, சுவரில் ஓட்டைபோட்டுக் குழாயை வெளியே விட்டால் வேலை முடிந்தது. மொத்தமே ஒன்றரை அடிக் குழாய்.

ஆனால் வீட்டுக்கு ஒரு வாஸ்துக்காரர் இருந்தார். எந்திரம் இருப்பது வடமேற்கு, வாயு மூலை. அது சரி என்றார். ஆனால் அனல் வெளியேற வேண்டிய இடம் தென்கிழக்கு, அக்னி மூலை. வாயு மூலையில் அனலை விட்டால் வீட்டுக்காரருக்கு வயிற்றில் எரிச்சல் வரும். குழந்தைவேலுக்கு ஏற்கனவே வயிற்றில் எரிச்சல் இருந்ததால் இது உடனே நிரூபணமாயிற்று. ஒன்றரை அடிக் குழாய் நாற்பத்திரண்டு அடியாக வளர்ந்து, பின்பக்கத்திலிருந்து ஹால் சீலிங்குக்குள் ஐந்து இடத்தில் வளைந்து, வீட்டின் முகப்பில் வந்து எட்டிப் பார்த்தது.

முகப்பில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது குழந்தைவேலின் மனைவி சின்னப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. வேப்பந்தட்டைப் பக்கத்தில் பருத்தி போட்ட குடும்பத்துப் பெண்மணி அவர்; எதையும் அழகாகச் செய்வார். கொசு வராமல் ஓட்டையில் வலை அடித்தார். அதன்மேல், எப்படியும் வாங்க வேண்டியிருந்த திருஷ்டிப் பூதத்தின் முகத்தை வைத்துத் திருகினார். கோரைப்பல், உருட்டு விழி, திறந்த வாய். வாய் சரியாக ஓட்டைக்கு நேரே வந்தது.

முதல் மழைக்கு எந்திரத்தைப் போட்டதும் பூதம் மூச்சு விட்டது. வெதுவெதுப்பான, சோப்பு மணக்கும் மூச்சு. தெருவே கூடியது. எதிர்வீட்டுப் பெரியம்மாள் முழங்காலை அந்த வாய்க்கு நேரே காட்டி, வலி பாதி போய்விட்டதாக அறிவித்தார். கொஞ்ச நாளில் வலையின் கண்களில் கசிந்த பஞ்சு பூதத்தின் உதட்டில் படிந்து, சாம்பல் நிறத்தில் தொங்க ஆரம்பித்தது. ஊரார் கண்ணை எல்லாம் வாங்கி வாங்கிப் பூதத்துக்கு வயதாகிறது என்று சின்னப்பிள்ளை விளக்கம் சொன்னார். ஆறு மாதத்தில் தாடி நெஞ்சுவரை வந்தது. இந்த ஐப்பசிக்குப் பிறகு பூதம் மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டது. கண்திருஷ்டி குறைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இதெல்லாம் வீரமணிக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குள் போனபோது மழைக்காகத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். பூதத்தைப் பார்க்கவே இல்லை; பிறகு வந்த நாட்களிலும் பின்வாசல் வழியாகத்தான் வந்து போனார்.

எந்திரத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக் குனிந்தார். சின்னப்பிள்ளை தன் மூச்சு குறுக்கே வரக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீரமணி இழுத்தார். வெறும் காற்றுதான் வந்தது. காற்று குளிர்ச்சியா சூடா என்று மட்டும் தெரிந்தது. இன்னொரு முறை இழுத்தார். பழைய காலத்தில் ஒரே மூச்சுதான் என்பதைக் குழந்தைவேல் கவனித்துவிட்டதாகப் பட்டது. அவசரமாக நிமிர்ந்தார். பத்தில் ஏழு மோட்டார் காயிலில்தான் போகும் என்பது அனுபவம்.

"காயிலு சார்."

"நெசமாவா?"

"வார்னிஷ் கருகியிருக்குதுல்ல. ஒங்களுக்கே தெரியுமே."

"ஆமாங்க, எனக்கும் அப்புடித்தான் பட்டுச்சு" என்று சின்னப்பிள்ளை மூச்சை விட்டார்.

மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்த வீரமணிக்கு முதல் குழப்பம் அங்கே காத்திருந்தது. கருகிய காயில் கறுப்பாக இருக்கும். இது கல்யாணப்பெண் கழுத்துச் சங்கிலி மாதிரி பளபளவென்று இருந்தது. நேர்மையான மனிதர் என்றால் மூடித் திருகி, போய் மன்னிப்புக் கேட்டிருப்பார். வீரமணியும் நேர்மையான மனிதர்தான். ஆனால் மூக்கு சொன்னதைக் கண் மறுத்தது என்று தெரிந்தால் பிறகு மூக்குக்கு என்ன மரியாதை? நல்ல காயிலை வெட்டி எறிந்துவிட்டு, அதேபோல இன்னொரு நல்ல காயிலைக் கட்டினார். அன்று இரவு சாப்பிடவில்லை. ருசியும் வாசனையோடு போய்விட்டதால் அதில் பெரிய தியாகமும் இல்லை.

மோட்டாரை மாட்டினார். எந்திரம் கம்பீரமாக ஓடியது. இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது.

"இன்னம் அந்த நாத்தம் வருதேய்யா" என்றார் குழந்தைவேல்.

"புது வார்னிஷ் சார். நாலு நாளைக்கி வரும்."

நாலு நாள் ஆயிற்று. எந்திரம் இருபதாவது நிமிடம் நின்றது. வீரமணி கெபாசிட்டரை மாற்றினார். பதினெட்டாவது நிமிடம் நின்றது. வோல்டேஜைக் குறை சொன்னார். குழந்தைவேல் பழைய பரிசோதனை நோட்டு ஒன்றை எடுத்து நிமிடங்களைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். பதினாறு என்று எழுதிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக வீரமணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ பேர் கடைசி சீட்டிலிருந்து எழுந்து இறங்கியிருக்கிறார்கள்.

அந்த வாரம் தமிழ்மொழி வீடியோவில் வந்தாள். மார்கழிக் கடைசியில் ஆறுமாதக் குழந்தையோடு வருகிறாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"அப்பா, குழாய சுத்தம் பண்ணீங்களா? வருஷத்துக்கு ஒருக்கா பண்ணணும்னு சொன்னனே. பஞ்சு சேந்தா தீப்புடிக்கும்ப்பா. இங்கல்லாம் அப்புடி வூடே எரிஞ்சிருக்கு."

"பஞ்சா? அதான் ஒங்கம்மா தெனமும் எடுத்துடுறாளே."

"ஒரு சிட்டிகை உடுறதில்லடி" என்றார் சின்னப்பிள்ளை, பின்னாலிருந்து. "எல்லாத்தயும் சேத்து வச்சு வெளக்குக்குத் திரி திரிச்சுக்கிறன். கடையில வாங்குற திரி தோத்துச்சு போ. எண்ணெ ஊத்தறதுக்கு முன்னாலயே புடிச்சிக்குது!"

தமிழ்மொழி கனடாவில் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அது எந்திரத்துக்குள்ள இருக்கற வடிகட்டிம்மா. நான் சொல்றது குழாயி. கொழந்தையோட வரேன், அது சரியாகலன்னா நான் திருச்சியில ரூம் போட்டுக்கறேன்."

போன் அணைந்தது. பேத்தி திருச்சியில் தங்குவது என்பது வடக்குமாதவி ரோட்டில் எவ்வளவு பெரிய அவமானம் என்று குழந்தைவேல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"வீரமணி, நாளைக்கி அமாவாசை. நாளைக்கிக் கடைசி. வந்து சரியா மோந்து சொல்லு. இல்லன்னா ஒனக்கு மூக்கு இல்லன்னு நானே ஊரெல்லாம் சொல்லிடுவன்."

அவர் கோபத்தில் சொன்ன பேச்சுதான். வீரமணிக்கு மட்டும் அது நேர் அர்த்தத்தில் கேட்டது.

மறுநாள் காலை அவர் புவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனார். குழந்தைவேல் பின்வாசலிலேயே மறித்தார்.

"இவுங்க எதுக்கு?"

"யக்காவப் பாக்கணும்னு சொன்னா சார்."

"வாம்மா. இருமல் எப்புடியிருக்கு?"

"இருக்குதுங்க" என்றார் புவனேஸ்வரி, நிலைமை தெரியாமல் எந்த எண்ணிக்கையும் இருமிவிடக்கூடாதென்று பயந்து.

சின்னப்பிள்ளை எந்திரத்தில் ஒரு ஈரத்துணி மூட்டையைப் போட்டுச் சுழலவிட்டார். வீரமணி குனிந்தார். பதினோராவது நிமிடம் புவனேஸ்வரியின் முகத்தில் ஏதோ ஓடியது. வீரமணி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். இருமல் வரவில்லை. ஒன்றும் வரவில்லை, இரண்டும் வரவில்லை, முந்தானையும் அசையவில்லை. வீரமணி ஓரக்கண்ணால் பார்த்தார். புவனேஸ்வரி பரிதாபமாகத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் ஏற்பாட்டில் இந்த நாற்றத்துக்கு இருமலே கிடையாது.

"யக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று புவனேஸ்வரி சொல்ல, சின்னப்பிள்ளை அடுக்களைக்குப் போனார். குழந்தைவேல் அமாவாசைப் பூசணிக்காயை எடுக்க வெளியே போனார். உடனே இருவரும் கிசுகிசுத்தார்கள்.

"என்னாடி, இரும மாட்டேங்கிற?"

"எத்தன தடவ இருமுறதாம்? இது காயிலுமில்ல, பேரிங்குமில்ல. தேய்க்கிற பொட்டிய வேட்டி மேல வச்சு மறந்துட்டா வருமுல்ல, அந்த நாத்தம்."

"மோட்டாருக்குள்ள வேட்டி எங்கடி இருக்கு?"

"மோட்டாருலேருந்து வரலங்க. மேலேருந்து வருது."

வீரமணி அண்ணாந்து பார்த்தார். சீலிங்தான் இருந்தது. வெள்ளையாக, பூ வேலைப்பாட்டோடு, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. கண்ணால் பிரயோஜனமில்லை, மூக்கு ஏற்கனவே இல்லை. மிச்சமிருந்தது கை. ஸ்டூலைப் போட்டு ஏறி, எந்திரத்துக்கு மேலே, குழாய் நுழைகிற இடத்தில், சீலிங்கில் உள்ளங்கையை வைத்தார். சூடு. ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஹாலுக்கு வந்தார். இங்கேயும் சூடு, மூன்றாவது வளைவில் கை வைக்க முடியவில்லை. சாமி அறை தாண்டி வாசல் பக்கம் வந்து வைத்தார். குளிர்ச்சி. குழாய் முழுக்க அனல், கடைசிப் பக்கம் மட்டும் சில்லென்று இருக்கிறது. அனல் போகவில்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. வீரமணி ஸ்டூல்மேல் நின்றபடியே யோசித்தார். மோட்டாரில் குறை இருந்தால்தானே மோட்டார் சொல்லும்? இத்தனை நாளாக எந்திரம் சூடு தாங்காமல் தானாகவே அணைந்திருக்கிறது. நல்ல பிள்ளையாக அது செய்த காரியத்துக்கு, அவர் அதன் காயிலை வெட்டியிருக்கிறார்.

"வெளிய இந்தக் குழாயி எங்கக்கா முடியுது?" என்று கத்தினார்.

"பூதத்து வாயில" என்றார் தண்ணீரோடு வந்த சின்னப்பிள்ளை.

வீரமணிக்குப் புரியவில்லை. வாசலுக்கு ஓடினார். மழை விட்டிருந்தது. அன்றுதான் பூதத்தை நேருக்கு நேர் பார்த்தார். நெஞ்சுவரை சாம்பல் தாடி. அதன் முன்னால் குழந்தைவேல் பயபக்தியோடு நின்றிருந்தார். கையில் பூசணிக்காய், பூசணிக்காயின் தலையில் கொழுந்துவிட்டு எரியும் கற்பூரம். வீட்டுக்குச் சுற்றி முடித்து, திருஷ்டியை எல்லாம் தாங்குகிற பூதத்துக்கும் மரியாதையாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மாள் கைகூப்பி நின்றார்.

"சார்! வேணாம் சார்!"

"தள்ளிப் போய்யா, சுத்துற நேரத்துல" என்று குழந்தைவேல் மூன்றாவது சுற்றுக்குக் கையை உயர்த்தினார்.

தாடி பிடித்துக்கொண்டது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. நெஞ்சிலிருந்து உதடுவரை ஒரே ஓட்டம். பூதம் வாயிலிருந்து நெருப்புக் கக்கியது. பெரியம்மாள், "அய்யோ சாமி வந்துருச்சு!" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். குழந்தைவேல் தன் பக்தியின் வலிமையைக் கண்டு தானே அதிர்ந்து நின்றார். வலையில் அப்பியிருந்த பஞ்சுக்குள் தீ நுழைந்து, உள்பக்கமாகப் புகைய ஆரம்பித்தது. உள்ளே நாற்பத்திரண்டு அடி.

"புவனா, மெயினை அணைடி!" என்று கத்திக்கொண்டே வீரமணி குழந்தைவேல் கையிலிருந்த பூசணிக்காயைப் பிடுங்கினார். நடுத்தெருவில் உடைக்க வேண்டியதைத் தலைக்குமேல் தூக்கிப் பூதத்தின் முகத்தில் அறைந்தார். எட்டுக் கிலோ ஈரச் சதை பூதத்தின் வாயில் சிதறி அப்பியது. விதையும் தண்ணீரும் குங்குமமுமாகச் சுவரில் வழிந்தது. தீ சர்ரென்று முனகி அடங்கியது. அப்புறமும் நம்பாமல், வாசலில் இருந்த மஞ்சள்தண்ணிக் குடத்தையும் பூதத்தின் வாயில் கவிழ்த்தார். ஒரு கோரைப்பல் உடைந்து விழுந்தது.

முதலில் பேசியது பெரியம்மாள்.

"வூட்டுக்குள்ள இருந்தே தீ நாத்தத்த மோந்துட்டு ஓடியாந்திருக்காரு பாரு! அதான் மூக்கு!"

"அதான பார்த்தன்" என்றார் குழந்தைவேல். கையை எடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்க வீரமணி. நாந்தான் ஒன்னச் சந்தேகப்பட்டுட்டன்."

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சும்மா நின்றால் போதும். பெயர் இன்னும் பத்து வருடம் ஓடும். வீரமணி சும்மாதான் நிற்கப் பார்த்தார். ஆனால் புகை இன்னும் சீலிங்குக்குள் இருந்தது. சின்னப்பிள்ளை பக்கத்தில் வந்து, "நீ சொல்லு தம்பி, உள்ள இன்னம் எரியுதா, அணஞ்சு போச்சா? ஒன் மூக்குக்குத்தான் தெரியும். நீ அணஞ்சிருச்சுன்னா நாங்க உள்ள போறம்" என்றார்.

வீரமணி மேலே பார்த்தார். இழுத்தார். வெறும் காற்று. அணைந்துவிட்டது என்று சொல்ல வாய் திறந்தது. பத்தில் ஏழு தடவை சரியாக இருக்கும்.

"எனக்குத் தெரியலங்கக்கா."

"எப்புடி?"

"எனக்கு எந்த நாத்தமும் வராது. காய்ச்சல்ல போனது. ரெண்டு வருஷமாச்சு. ஒங்க காயிலும் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் வெட்டிப்புட்டன். யாரும் உள்ள போவாதீங்க."

இதைக் கேட்டு எல்லோரும் அவரைத் திட்டியிருக்கலாம். ஆனால் யாரும் நம்பவில்லை. அடக்கமாகப் பேசுகிறார் என்றார் பெரியம்மாள். குழந்தைவேல் மட்டும் நிமிர்ந்தார். முப்பத்தொரு வருட உத்தியோகம் அவருக்குள் எழுந்து நின்றது. வேலியில் இருந்த மல்லிகையைப் பறித்து வீரமணியின் மூக்கருகே பிடித்தார்.

"கண்ண மூடு. என்ன இது?"

"தெரியலங்க."

பெரியம்மாள் வீட்டிலிருந்து பெருங்காயம் வந்தது. தெரியவில்லை. மண்ணெண்ணெய் வந்தது. தெரியவில்லை. கடைசியாகப் பெரியம்மாள் எங்கிருந்தோ ஒரு கருவாட்டைக் கொண்டுவந்து நீட்ட, கூடி நின்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் விலகினார்கள். வீரமணி கண்ணை மூடிக்கொண்டு, தாமரைப்பூவைத் தந்த மாதிரி அமைதியாக நின்றார்.

குழந்தைவேல் கருவாட்டைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா டிக்கெட் இல்லாமத்தான் வந்திருக்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இத்தனை நாள் தன் கண்ணுக்கு ஒருவன் தப்பித்திருக்கிறான் என்கிற வியப்புத்தான் இருந்தது. பிறகு திடீரென்று புவனேஸ்வரி பக்கம் திரும்பினார். "அப்ப அந்த இருமலு?"

புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொன்ன கஷாயத்தயெல்லாம் என்னாம்மா பண்ணுன?"

"குடிச்சங்க" என்றார் அவர்.

அப்புறம் புவனேஸ்வரிதான் ஸ்டூல்மேல் ஏறி, சீலிங்கில் வளைவு வளைவாக மோந்து, மூன்றாவது வளைவில் நின்று, "இங்கனதான் இன்னம் கனியுது" என்றார். அந்த இடத்தில் பலகையை அறுத்து, குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு வீரமணி சுவருக்குள் ஒயர் இழுக்கப் பயன்படும் நீளமான ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து, நுனியில் ஒரு முற்றிய பீர்க்கங்காய் நார்க்கூட்டைக் கட்டி, குழாய்க்குள் விட்டு இழுத்தார். சாயங்காலம் வரை பஞ்சு வந்துகொண்டே இருந்தது. அடுக்கடுக்காக, நிறம் நிறமாக: மேலே சேலைச் சிவப்பு, கீழே வேட்டி வெள்ளை, அதற்கும் கீழே என்னவென்று யாராலும் சொல்ல முடியாத ஒரு நிறம். மூன்று சாக்கு நிறைந்தது. சின்னப்பிள்ளை ஒரு கொத்தை எடுத்து, விரலால் இழுத்து, பருத்திக்காரர் வீட்டுப் பெண்ணாக இழையின் நீளம் பார்த்தார்.

"கட்டை இழை. வெல போவாது" என்றார் வருத்தத்தோடு.

"யக்கா, அதுல திரி மட்டும் திரிக்காதீங்க" என்றார் வீரமணி.

மறுநாளே குழாயின் பாதை மாறியது. வாஸ்துக்காரருக்குச் சொல்லாமல், எந்திரத்துக்கு நேர் பின்னால் சுவரில் ஓட்டைபோட்டு ஒன்றரை அடியில் முடித்தார்கள். வலை கிடையாது, காற்று தள்ளினால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் ஒரு தகடு மட்டும். எந்திரம் ஐம்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. குழந்தைவேல் அதை நோட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் முன்னிலையில் குழாயைத் திறந்துகாட்ட வேண்டும் என்பது அவர் வீரமணிக்கு விதித்த தண்டனை.

செய்தி இரண்டு நாளில் பெரம்பலூரைக் கடந்து அரியலூர் போய்ச் சேர்ந்தது. வீரமணி கடையைத் திறந்து வைத்துவிட்டு, இனிமேல் யாரும் வரமாட்டார்கள் என்று காத்திருந்தார். அன்று காலை யாரும் வரவும் இல்லை. பகல் பதினொரு மணிக்குத் திருமானூரிலிருந்து அய்யம்பெருமாள் என்ற விவசாயி, இரண்டு பஸ் மாறி, சாக்கில் சுற்றிய மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மேசைமேல் இறக்கினார். அவருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்பதை முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வீரமணியைப் பார்த்தார், உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்து காயிலுக்கு அடியில் வைக்கும் காகிதம் மடித்துக்கொண்டிருந்த புவனேஸ்வரியைப் பார்த்தார், மறுபடி வீரமணியைப் பார்த்தார்.

இருபது வருடப் பழக்கம். வீரமணியின் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. முதுகு தானாகக் குனிந்தது. குனிந்தபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அப்படியே நின்றார். நிமிர்வதா, இழுப்பதா என்று தெரியவில்லை. கடைக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"என்னாங்க, என்னா எரிஞ்சிருக்கு?" என்றார் அய்யம்பெருமாள்.

"தெரியலங்க" என்றார் வீரமணி, மோட்டாரைப் பார்த்தபடியே.

அய்யம்பெருமாள் ஒரு நிமிடம் யோசித்தார். "செரி, அப்பப் பிரிச்சுப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சாக்கை மடிக்க ஆரம்பித்தார்.

வீரமணி ஸ்குரூ டிரைவரைத் தேடினார். எங்கே வைத்தோம் என்று ஞாபகமில்லை. புவனேஸ்வரி தன் காலடியில் கிடந்ததை எடுத்து நீட்டினார்.